மயக்க ஊசி இல்லாமல் மூன்று தடவை

எங்கள் தெருவில் யாருக்காவது எண்டோஸ்கோபி எடுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், இப்போதெல்லாம் நேராக என் மாவுக்கடைக்குத்தான் வருகிறார்கள். "அக்கா, வலிக்குமா?" என்பது முதல் கேள்வி. "மூச்சு நின்னுருமா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வலிக்காது, குமட்டும். இரண்டாவதுக்குத்தான் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாவு வாங்க ஆட்கள் நிற்கும்போது அதெல்லாம் பேசி முடியாது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் முத்துமாரி. வயது ஐம்பத்தேழு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். ஆலையை விட்டு வந்து பத்து வருஷம் ஆகிறது. ஆனால் பஞ்சுத் தூசி நெஞ்சை விட்டுப் போகவில்லை. பனிக்காலத்தில் மாடிப்படி ஏறினால் உள்ளே விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். அதற்கு ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினமும் இரண்டு வேளை இழுக்க வேண்டியது அது. மூச்சு முட்டும்போது மட்டும் இழுத்துவிட்டு, மற்ற நேரம் அலமாரியில் வைத்துவிடுவேன்.

இப்போது வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. முட்டி வலி வந்தது. மெடிக்கல் கடையில் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிற ஒரு வலி மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பாதி நாள் வெறும் வயிற்றில். இப்படி ஒன்றரை வருஷம் போட்டேன். அந்த மாத்திரையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சோர்வு வந்தது. மாவு வாளியைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் காது அடைத்தது. பழைய இழுப்புதான் என்று நினைத்தேன். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அதையும் முந்தின நாள் சாப்பிட்ட கீரை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் கடையிலேயே கண் இருட்டி, கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சுந்தர்ராஜ் மினி பஸ் ஓட்டுகிறவர். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ மாரி, என்ன சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி இருக்க?" என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

ராஜபாளையத்தில் நாங்கள் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழரைக்குக் கீழே இருந்தது. ரத்தத்தில் சிவப்பு நிறம் தருகிற பொருள் அது. மூச்சில் போகிற ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்து போவதும் அதுதான். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

"ஒங்களுக்கு வயித்துக்குள்ள எங்கயோ ரத்தம் கசியுதும்மா. கறுப்பா போறது அதான். கேமரா வெச்ச குழாய வாய் வழியா விட்டுப் பாத்துரணும்."

"மயக்கம் குடுத்துருவீங்கல்ல டாக்டர்?"

அவர் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா நாட்களில் எல்லார் வீட்டிலும் கிடந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றி ரெண்டு காட்டியது. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்ல நுரையீரல் இருக்குறவங்களுக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கும். மயக்க ஊசி போட்டா மூச்சு மெதுவாயிரும். ஒங்களுக்குக் கையிருப்பே கம்மி. அதனால ஊசி இல்லாம, தொண்டைய மட்டும் மரத்துப்போக வெச்சு எடுத்துரலாம். அஞ்சாறு நிமிஷம்தான்."

நான் சரி என்று தலையாட்டினேன். அவர் இன்னொன்றும் சொன்னார். ஊசி போடாவிட்டாலும் சிலருக்கு ஆக்சிஜன் இறங்கும், மிஷினைப் பார்த்துக்கொண்டேதான் செய்வோம் என்றார். அது என் காதில் சரியாக விழவில்லை. அஞ்சாறு நிமிஷம் என்பது மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போனேன். தொண்டையில் ஸ்ப்ரே அடித்தார்கள், கசப்பு மருந்து. ரெண்டு நிமிஷத்தில் தொண்டை வீங்கிப்போன மாதிரி ஆனது. உண்மையில் வீங்குவதில்லை, மரத்துப்போவது அப்படித் தோன்றுகிறது. எச்சிலை விழுங்கினோமா இல்லையா என்றே தெரியாது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். குழாயைப் பல் கடித்துவிடக்கூடாது என்பதற்காக அது. குழாய் சுண்டுவிரல் பருமன் இருக்கும்.

"முழுங்குங்கம்மா, முழுங்குங்க..."

விழுங்கினேன். குழாய் இறங்கியது. குமட்டல் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது. அப்போது நான் செய்தது ஒன்றே ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. முகத்தில் தண்ணீர் ஊற்றினால் மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அது மாதிரி தானாக நடந்தது. வாய்க்குள் ஒரு சாமான் இருக்கிறது, அதனால் மூச்சுக்கு வழியில்லை என்று உடம்பே முடிவு செய்துவிட்டது.

மிஷின் டிக் டிக் என்று சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தமும் படிப்படியாகக் கனத்து இறங்கியது. நர்ஸ் சொல்கிற எண்கள் கேட்டன. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தி நாலு. பிறகு அலாரம். டாக்டர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை, குழாயை உருவி வெளியே எடுத்துவிட்டார். மூக்கில் மாஸ்க் வந்து உட்கார்ந்தது. நான் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவள் மாதிரி காற்றை அள்ளினேன்.

"பயப்படாதீங்க, ஏறிருச்சு. தொண்ணூத்தி நாலு," என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க மூச்சே விடலைம்மா," என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை.

வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்கு அலாரம் கேட்டிருக்கிறது. உள்ளே வந்து என் கையைப் பிடித்தவர் டாக்டரைப் பார்த்து, "இந்த டெஸ்ட்டே வேண்டாம் சார். மாத்திரை மட்டும் எழுதுங்க," என்றார். அப்போதைக்கு எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். ரத்தம் எங்கே கசிகிறது என்று தெரியாமல் மாத்திரை போடுவதும், கிரைண்டர் எங்கே ஷாக் அடிக்கிறது என்று பார்க்காமல் அதன் மேல் துணியைப் போட்டு மூடுவதும் ஒன்றுதான்.

"போவோம்ங்க," என்றேன். "ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்கு வெளங்கச் சொல்ற எடத்துக்குப் போவோம்."

"செத்துப் பொழச்சு வந்துருக்க. மறுபடியுமா?"

"செத்தெல்லாம் போகல. மூச்சு விட மறந்துட்டேன். அம்புட்டுதான்."

ராஜபாளையத்து டாக்டரே கடிதம் கொடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வயிற்று டாக்டரும் நுரையீரல் டாக்டரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள், அவசரமென்றால் மயக்க டாக்டரும் உடனே வருவார் என்பது காரணம். அரை மணி நேர பஸ் பயணம்தான். மினி பஸ் டிரைவர் இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் பிரேக்கைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டு வருவார். அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் அதுகூட இல்லை.

அங்கே நாலு நாள் படுக்கையில் இருந்தேன்.

வயிற்று டாக்டரம்மா முதல் நாளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் வாயும் தொண்டையும் வரைந்தார். தொண்டைக்குள் பின்னால் ஒரு வழி, முன்னால் ஒரு வழி. பின்னால் இருப்பது சாப்பாட்டுக்கு, முன்னால் இருப்பது மூச்சுக்கு.

"குழாய் போறது இந்தப் பின் வழியில. முன் வழி தெறந்துதான் இருக்கு. மூக்கால நீங்க தாராளமா மூச்சு விடலாம். அப்ப ஏன் ஆக்சிஜன் எறங்குதுன்னு கேட்டா, பல காரணம் உண்டு. பயத்துல மூச்சப் புடிச்சுக்கிறது ஒண்ணு. தொண்ட மரத்திருக்கிறதால எச்சில் மூச்சுக்குழாய்க்குள்ள போறது இன்னொண்ணு. வயித்துக்குள்ள நாங்க காத்து அடிக்கிறோம், அது நுரையீரல் விரியிறத கொஞ்சம் தடுக்கும். நல்ல நுரையீரல் இதையெல்லாம் தாங்கிரும். ஒங்களுக்கு ஏற்கெனவே பஞ்சுத் தூசி, அதோட ரத்தமும் கம்மி. அதான் சட்டுனு எறங்கிருச்சு."

"அப்ப மறுபடியும் எறங்குமா டாக்டர்?"

"கொஞ்சம் எறங்கலாம். ஆனா இந்தத் தடவ நாம தயாரா இருப்போம். மொதல்ல ரத்தம் ஏத்துவோம். நெஞ்ச சரி பண்ணுவோம். பொறவு எடுப்போம். அப்பவும் எறங்கினா குழாய வெளிய எடுத்துருவேன். ராஜபாளையத்துல அவர் எடுத்தது ரொம்ப சரி."

ஒன்றும் நடக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இறங்கலாம் என்று சொன்னதால்தான் நம்பினேன்.

அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள். காலையும் மாலையும் நெபுலைசர், அதாவது மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியே இழுக்க வைப்பது. நடுவில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே எழும்ப வேண்டும். முதல் நாள் ஒரு பந்துதான் எழும்பியது. எதிர்ப் படுக்கையில் இருந்த செண்பகத்தோப்புப் பக்கத்துக்காரப் பெரியவர் ஒருவர் மூன்றையும் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் இரண்டு பந்தைத் தூக்கி நிறுத்தியபோது அவர் கை தட்டினார்.

என் நாத்தனார் ஜெயா வத்திராயிருப்பில் இருக்கிறாள். தினமும் காலையில் கிருஷ்ணன்கோவில் வழியாக வரும் பஸ்ஸில், காலேஜ் பிள்ளைகள் பைகளுக்கு நடுவில் தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து சேருவாள். காரம் இல்லாத ரசம், குழைத்த சோறு. "எம்புட்டு நெருக்கம் மதினி! ஒருத்தன் மேல ரசம் சிந்திருச்சு. பாவம், ஆண்ட்டி பரவால்லன்னுட்டான்," என்று சிரிப்பாள். அவள் வந்தால் வார்டே கலகலக்கும்.

நாங்கள் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னவளும் அவள்தான். மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்தபோது, என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஜெயா நேராகக் கேட்டுவிட்டாள்.

"டாக்டர், மதினிக்கு கேன்சரா இருக்குமா?"

வீட்டுக்காரரின் தோள் இறுகியதைப் படுக்கையிலிருந்தே பார்த்தேன்.

"இருக்காதுன்னு இப்ப சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒன்றரை வருஷம் வலி மாத்திரை போட்டவங்க வயித்துல மொதல்ல நெனைக்க வேண்டியது புண்ணு. பாத்துட்டா தெரிஞ்சிரும். பாக்காம இருந்தா, மூணு பேரும் இப்படியேதான் நிக்கணும்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் ஜெயாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். வந்து தங்கையின் தலையில் கையை வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அங்கே ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ். முப்பது வயது இருக்கும். முதல் தடவை நடந்ததைக் கேட்டுவிட்டு அன்றைக்கே ஒரு பல் வளையத்தைக் கொண்டுவந்தார். "ரிகர்சல் பாப்போமாம்மா?" என்றார். இடது பக்கம் படுத்து, வளையத்தைக் கடித்து, விரலில் கிளிப்பை மாட்டி, மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டும். பத்து நிமிஷம். குழாய் கிடையாது. முதல் தடவை ஒரு நிமிஷத்தில் வளையத்தைத் துப்பிவிட்டேன்.

"வாய் தெறந்திருந்தா மூச்சு வாயிலதான் வரும்னு ஒடம்பு நெனைக்குது," என்றார் ஸ்டெல்லா. "அத மறக்க வைக்கணும்."

அப்போதுதான் எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. எட்டு மணி நேரமும் வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு நிற்போம். மிஷின் சத்தத்தில் பேசவும் முடியாது. வாயைத் திறந்தால் துணி வழியாகவே தூசி உள்ளே போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூக்காலேயே மூச்சு விட்டுப் பழகியவர்கள் நாங்கள். இருபத்துநாலு வருஷம் செய்த வேலை எனக்குத் தெரியாததா? கண்ணை மூடி, நூல் சுற்றுகிற மிஷின் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அந்தத் தடவை பத்து நிமிஷமும் ஓடிவிட்டது. தொண்ணூற்றி மூன்றை விட்டு எண் இறங்கவில்லை.

"அம்மா, நீங்க எனக்குக் கிளாஸ் எடுக்கலாம்," என்றார் ஸ்டெல்லா.

கூடவே ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டோம். முடியவில்லை என்றால் நான் வலது கையைத் தூக்குவேன். தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார், ஏன் என்று கேட்க மாட்டார். அந்தக் கை என்னிடம் இருக்கிறது என்பதே பெரிய தைரியமாக இருந்தது. எண்டோஸ்கோபி எடுக்கப் போகிற யாரும் இந்த ஒன்றை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நாலாம் நாள் காலை. ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு வந்திருந்தது. காலில் நடந்தே அந்த அறைக்குப் போனேன். என் வீட்டுக்காரரையும் உள்ளே விடச் சொல்லிக் கேட்டேன். ஓரமாக நிற்க அனுமதித்தார்கள். மூக்கில் இரண்டு சின்னக் குழாய் வைத்து, கேமராக் குழாய் இறங்குவதற்கு முன்னாலிருந்தே ஆக்சிஜன் கொடுத்தார்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள். எச்சில் வடிய கன்னத்தடியில் துணி. "வாயில வர்றத முழுங்காதீங்க, அப்படியே வழிய விடுங்க. வெக்கப்படாதீங்க," என்றார் ஸ்டெல்லா. மயக்க டாக்டர் ஒருவரும் வந்து நின்றார். அவருக்கு அன்றைக்கு வேலை இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

விழுங்கினேன். குமட்டல் வந்தது, முன்பு வந்த மாதிரியே. நெஞ்சு பூட்டப் பார்த்தது. மிஷின் சத்தம் கனத்தது.

"தொண்ணூறு," என்றார் ஸ்டெல்லா, என் காதருகில், சந்தையில் காய்கறி விலை சொல்கிற மாதிரி. "உள்ள இழுக்க வேண்டாம்மா. மொதல்ல வெளிய விடுங்க. நீளமா... ஆங், அப்படித்தான்."

அதுதான் சூட்சுமம். மூச்சு முட்டும்போது நாம் உள்ளே இழுக்கத்தான் பறப்போம். ஏற்கெனவே நிறைந்திருக்கிற நெஞ்சில் எங்கே இழுப்பது? வெளியே விட்டால்தான் இடம் கிடைக்கும். விட்டேன். உள்ளே தானாக வந்தது. எண்பத்தொன்பது என்று ஒரு முறை கேட்டது. அடுத்தது தொண்ணூற்றி ஒன்று. பிறகு தொண்ணூற்றி ஐந்து. அதற்கப்புறம் ஸ்டெல்லா எண் சொல்லவில்லை, என் தோளில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணீரும் எச்சிலும் துணியை நனைத்தன. பெரிய ஏப்பங்கள் வந்தன. அழகாக ஒன்றும் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வலது கையைத் தூக்கவில்லை.

"புண்ணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஓரத்துல துளித்துளியா கிள்ளி எடுக்கிறேன், தெரியாது." உண்மையில் தெரியவில்லை. அப்படிக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள்.

குழாய் வெளியே வந்த அதே நேரம் மூலையில் தொம்மென்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவரிடம் ஓடினார்கள். பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து, என் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றி அவர் விரலில் மாட்டினார் ஸ்டெல்லா.

"அண்ணாச்சிக்குத் தொண்ணூத்தொம்போது. ஒண்ணுமில்ல, பயந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்த தொண்டையோடு சிரிக்கக்கூடாது என்று அதட்டினார்கள். ஒரு மணி நேரம் எதையும் குடிக்கவும் கூடாது. தொண்டை உணர்வு திரும்பும் முன் குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவருக்கு மட்டும் சர்க்கரை போட்ட டீ கிடைத்தது. வெளியே விஷயம் தெரிந்ததும் ஜெயா வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

பயாப்ஸி முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். கடையைத் திறந்தேன், மாவு விற்றேன், சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தேன். முடிவை டாக்டரம்மாவே போனில் சொன்னார். கேன்சர் இல்லை. வலி மாத்திரை போட்ட புண், அதோடு வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமி. ரெண்டு வாரம் மருந்து, அதற்குப் பிறகு புண் ஆற வேறு மாத்திரை. வலி மாத்திரையைத் தொடவே கூடாது. இன்ஹேலரைத் தினமும் விடாமல் இழுக்க வேண்டும்.

போனை வைத்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், நான் வாங்கிக் கொடுத்த அட்டையில் மிச்சம் இருந்த மாத்திரைகளைக் கேட்டு வாங்கிவந்து குப்பையில் போட்டேன். "வலிக்கு நல்லாத்தான கேட்டுச்சு," என்றார் அக்கா. "எனக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு," என்றேன். மறுநாள் அவரையும் ரத்தம் சோதிக்கக் கூட்டிப் போனேன்.

வயிற்றுப் புண் முழுக்க ஆறியதா என்று ரெண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் வருகிறேன் என்றுதான் நின்றார். "அங்க கட்டில் காலி இல்லையாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விரலில் கிளிப்பை மாட்டியதும் தொண்ணூற்றி ஆறு காட்டியது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நெஞ்சு நல்லா தேறியிருக்கு. மயக்க டாக்டரும் இருக்காரு. இந்தத் தடவ வேணும்னா லேசா மயக்கம் குடுத்தே எடுக்கலாம்," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மயக்க ஊசி வேண்டாம் என்பது பெருமை இல்லை. சிலருக்கு அது இல்லாமல் முடியாது, சிலருக்கு அது கூடாது. உங்கள் நெஞ்சு, உங்கள் ரத்தம், உங்கள் பயம் எப்படி என்று பார்த்து டாக்டர் சொல்வதுதான் கணக்கு. இழுப்போ குறட்டையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் என்ன சொன்னேன் என்பது என் விஷயம்.

"ஊசி வேண்டாம் டாக்டர்," என்றேன். "ஆனா கேமரா காட்டுற அந்த டிவிய என் பக்கம் செத்த திருப்பி வைக்கிறீங்களா?"

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். நான் இடது பக்கம் படுத்து, வளையத்தைக் கடித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டேன். குழாய் இறங்கியது. ஈரமான இளஞ்சிவப்புச் சுவர்கள் மடிப்பு மடிப்பாகத் திரையில் விரிந்து விலகின. ஐம்பத்தேழு வருஷமாக நான் சோறு போட்டு வளர்த்த இடத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இங்கதாம்மா இருந்துச்சு," என்று டாக்டரம்மா ஓரிடத்தில் குழாயை நிறுத்தினார். நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. வேறு ஒன்றும் இல்லை.

வாயில் வளையம் இருந்ததால் பேச முடியவில்லை. வலது கையைத் தூக்கினேன். டாக்டரம்மா பதறிப்போய்க் குழாயை உருவப் போனார். அவசரமாகக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினேன்.